நெதர்லாந்தும் வங்கதேசமும்: இரண்டு கழிமுக நாடுகளின் பொருளாதாரம், சுற்றுச்சூழல், வாழ்க்கைத் தரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவ்வகையிலும் ஒட்டாத இந்த இரண்டு நாடுகளை ஏன் ஒப்பிட வேண்டும்?

வருமானத்தைப் பார்த்தால் ஒட்டாத நாடுகள்தாம். ஆனால் நிலத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை போலத் தோன்றும். ரைன், மியூஸ், ஷெல்ட் ஆகிய ஆறுகள் வடகடலில் கலக்கும் இடத்தில் உருவான தாழ்நிலம் நெதர்லாந்து. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் வங்கக் கடலை நெருங்கும் இடத்தில் கொட்டிய வண்டலால் உருவானது வங்கதேசத்தின் பெரும்பகுதி. இரண்டுமே தட்டையான நிலங்கள். இரண்டுக்கும் ஆறு ஒரு பக்கமும் கடல் மறுபக்கமும் ஆபத்தாக நிற்கின்றன. இரண்டிலும் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். ஆபத்து ஒன்றாக இருந்தும் அதன் விளைவு ஏன் இவ்வளவு மாறுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தெரிந்து வேறில்லை.

பரப்பும் மக்கள்தொகையும் எவ்வளவு?

நெதர்லாந்து ஏறத்தாழ 41,500 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமான பகுதி நீர்ப்பரப்பு. மக்கள்தொகை 1.8 கோடி. வங்கதேசம் 1,47,570 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 17 கோடி. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் நெதர்லாந்தில் 500க்குச் சற்று மேற்பட்டோரும் வங்கதேசத்தில் 1,100க்கு மேற்பட்டோரும் வாழ்கிறார்கள்.

நெதர்லாந்தின் பாதிக்கு மேல் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பது உண்மையா?

இல்லை. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையிலேயே 55 விழுக்காடு என்று தவறாக அச்சாகி, 2010இல் திருத்தப்பட்டது. கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பது 26 விழுக்காடு. மேலும் 29 விழுக்காடு, ஆற்று வெள்ளம் பாயக்கூடிய பகுதி. ராட்டர்டாமுக்கு அருகிலுள்ள ஸாய்ட்பிளாஸ் பகுதியில் நிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6.7 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அந்த ஆழத்தில்தான் மாடுகள் மேய்கின்றன, சாலைகள் போகின்றன.

தனிநபர் வருமானத்தில் எவ்வளவு வேறுபாடு?

நெதர்லாந்தில் தலைக்கு ஆண்டுக்கு 60,000 அமெரிக்க டாலருக்கு மேல். வங்கதேசத்தில் ஏறத்தாழ 2,600 டாலர். உள்ளூர் விலைவாசியைக் கணக்கில் கொண்டால் இடைவெளி குறையும். அப்போதும் எட்டு மடங்குக்கு மேல் நிற்கும்.

இந்த இரண்டு எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நாட்டின் மொத்த உற்பத்தியில் வரியாக அரசுக்கு வந்து சேரும் பங்கு நெதர்லாந்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு; வங்கதேசத்தில் 8 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. ஒரு கரையைக் கட்டுவதற்குக் கடனோ கொடையோ கிடைத்துவிடும். அதே கரையை அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஆண்டுதோறும் பழுதுபார்ப்பதற்கு யாரும் கொடை தருவதில்லை. அதற்கு வரிதான் வேண்டும். பின்வரும் பதில்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

வங்கதேசம் எதை நம்பி வாழ்கிறது?

ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடைகளிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 40 லட்சம் பேர் அந்த ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இரண்டாவது தூண், வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம். அது ஆண்டுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல்.

ஆடைத் தொழில் கொடுத்ததையும் எடுத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிராமத்துப் பெண்ணின் கையில் முதன்முதலாக மாதச் சம்பளம் வந்ததும், பெண்களின் திருமண வயதும் பள்ளிப் படிப்பும் உயர்ந்ததும் இந்தத் தொழிலோடு தொடர்புடையவை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்ததும் இதே தொழிலில்தான். முந்தைய நாளே சுவரில் வெடிப்பு காணப்பட்டது. கீழ்த்தளத்து வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டார்கள். அதன்பின் பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பல ஆலைகளின் கட்டடங்கள் சோதிக்கப்பட்டுச் சீராக்கப்பட்டன. கூலி அதே வேகத்தில் உயரவில்லை.

வளர்ச்சி இருந்தும் படித்த இளைஞர்களுக்கு ஏற்ற வேலை பெருகவில்லை. 2024 ஜூலையில் அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தொடங்கிய போராட்டம், ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறுவதில் முடிந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தின் செல்வம் எங்கிருந்து வந்தது?

நூற்றாண்டுகளாக நடந்த கடல் வணிகம், குடியேற்ற நாடுகளைச் சுரண்டிச் சேர்த்த பொருள், ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமான ராட்டர்டாம், பண்ணைத் தொழில், அண்மைக் காலத்தில் சில்லு அச்சிடும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் போன்ற நிறுவனங்கள் என்று பல ஊற்றுகள் உண்டு. இவ்வளவு சிறிய நாடு வேளாண் பொருள் ஏற்றுமதி மதிப்பில் உலகில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்து மீண்டும் ஏற்றுமதியாகும் பொருள்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன.

1959இல் வடக்கே குரோனிங்கனில் கண்டறியப்பட்ட இயற்கை எரிவாயுவைத் தனியே சொல்ல வேண்டும். எரிவாயு ஏற்றுமதியால் நாணய மதிப்பு ஏறி, மற்றத் தொழில்களின் பொருள்கள் வெளிநாட்டில் விலைபோகாமல் நலிந்தன. 1977இல் ஓர் ஆங்கில வார இதழ் இதற்கு ‘டச்சு நோய்’ என்று பெயரிட்டது. இன்றும் பொருளாதாரப் பாடத்தில் அந்தப் பெயர்தான் வழங்குகிறது. வாயுவை எடுக்க எடுக்க நிலம் அமிழ்ந்து சிறு நிலநடுக்கங்கள் உண்டாயின. 2012இல் ஹாய்ஸிங்கே ஊரருகே 3.6 அளவில் நேர்ந்த நடுக்கத்துக்குப் பிறகுதான் நாடு விழித்தது. சுவரில் விரிசல் விட்ட வீட்டில் இருந்துகொண்டு இழப்பீட்டுக்காகப் படிவம் மேல் படிவமாக நிரப்பிய மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று நாடாளுமன்ற விசாரணைக் குழுவே 2023இல் எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில் வாயு எடுப்பது நிறுத்தப்பட்டது. பணக்கார நாட்டிலும் தலைநகரிலிருந்து தொலைவில் இருப்பவரின் குரல் தாமதமாகவே கேட்கிறது.

கரைகளை யார் பராமரிக்கிறார்கள்?

நெதர்லாந்தில் நீர் வாரியங்கள் என்ற அமைப்புகள் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே உருவானவை. நாடு என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே இருந்தவை. இன்று மொத்தம் 21. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றுக்குத் தேர்தல் நடக்கிறது. வாரியம் தனக்கென வரி விதிக்கிறது; அந்தப் பணம் கரைக்கும் மதகுக்கும் நீரேற்றும் நிலையத்துக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் மட்டுமே செல்கிறது. கல்விக்குப் பணம் போதவில்லை என்று கரைப் பணத்தில் யாரும் கைவைக்க முடியாது.

வடகடலோரத்தில் பழைய காலத்தில் கடுமையான ஒரு வழக்கம் இருந்தது. தன் பங்குக் கரையைப் பேண இயலாதவர் தம் மண்வெட்டியை அந்தக் கரையில் குத்தி நிறுத்திவிட்டு, நிலத்தைக் கைவிட்டு வெளியேற வேண்டும். மண்வெட்டியைப் பிடுங்குபவருக்கு நிலமும் கரையைக் காக்கும் கடமையும் சேர்ந்தே போகும். கரையைக் காப்பவருக்கே நிலம் என்ற அந்த எண்ணம்தான் பின்னாளில் வரியாகவும் தேர்தலாகவும் மாறியது.

வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரத்திலும் இதற்கு ஈடான வழக்கம் ஒன்று இருந்ததைப் பலர் அறிவதில்லை. ‘அஷ்டமாஷி பாந்த்’, அதாவது எட்டு மாதக் கரை என்று அதற்குப் பெயர். உவர்நீர் ஏறும் எட்டு மாதங்களுக்குத் தாழ்வான மண்கரை எழுப்பி நெல் விளைவிப்பார்கள். பிறகு கரையை விட்டுவிடுவார்கள். வெள்ளம் உள்ளே வந்து வண்டலைப் படியவைத்துப் போகும். ஜமீன்தார்களின் பொறுப்பில் நடந்த வேலை அது. 1950இல் ஜமீன்தாரி முறை ஒழிந்தது. அது ஒழிய வேண்டியதுதான். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற கரை வேலையை எடுத்துக்கொள்ள ஊர் அளவில் அமைப்பு எதுவும் உருவாகவில்லை. இன்று கரைகள் தலைநகரிலுள்ள நீர்வள மேம்பாட்டு வாரியத்தின் கையில் இருக்கின்றன. கரை உடைந்த கிராமத்து மக்கள் அந்த வாரியத்தைத் தேர்ந்தெடுப்பதுமில்லை, அதற்கு நேரடியாக வரி கட்டுவதுமில்லை.

டச்சு முறையை அப்படியே வங்கதேசத்தில் செய்துவிடலாமே?

செய்து பார்த்தார்கள். 1960களில் தொடங்கிக் கடலோரத் தீவு நிலங்களைச் சுற்றி உயர்ந்த நிரந்தரக் கரைகள் எழுப்பப்பட்டன. மொத்தம் 139 வளாகங்கள். ‘போல்டர்’ என்ற டச்சுச் சொல்லே அவற்றுக்குப் பெயராகவும் வங்க மொழியில் நிலைத்துவிட்டது. தொடக்கத்தில் உவர்நீர் தடுக்கப்பட்டு விளைச்சல் பெருகியது. இருபது ஆண்டுகளுக்குள் கோளாறு வெளிப்பட்டது.

அதன் காரணம் வண்டல். ரைன் ஆறு கொண்டுவரும் மண் சொற்பம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு கோடி டன் மண்ணைக் கொண்டுவருகின்றன. முன்பு ஓதத்தோடு, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தோடு, வயல்களில் பரவிப் படிந்த அந்த மண், கரை வந்தபின் உள்ளே போக வழியில்லாமல் ஆற்றுப்படுகையிலேயே தங்கியது. வெளியே ஆற்றுப்படுகை உயர்ந்தது; உள்ளே நிலம் புது மண் கிடைக்காமல் அமிழ்ந்தது. மழைநீர் வடிய வழியின்றி வயல்களும் வீடுகளும் மாதக்கணக்கில் தேங்கிய நீரில் கிடந்தன. 32ஆம் எண் போல்டரின் நிலம், கரையே இல்லாத பக்கத்துச் சுந்தரவனக் காட்டைவிட ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை தாழ்ந்துவிட்டது என்று அளந்திருக்கிறார்கள். 2009 மே மாதம் ஐலா புயலில் அந்தக் கரை உடைந்து, மக்கள் இரண்டு ஆண்டுகள் கரைமேட்டில் கொட்டகை போட்டுத் துன்பப்பட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் உள்ளே புகுந்த ஓதம், பல பத்தாண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த வண்டலைச் சில இடங்களில் பல சென்டிமீட்டர் உயரத்துக்குப் படியவைத்தது.

நெதர்லாந்திலும் நிலம் இப்படித்தான் தாழ்ந்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக வடிகால் வெட்டி, மக்கிய தாவரத்தால் ஆன கரிமண்ணை உலர்த்தியதால் அது சிதைந்து அமிழ்ந்தது. அமிழ்ந்தபின் காற்றாலை, பிறகு நீராவி, பிறகு மின்சாரம் என்று நீரை ஏற்றி வெளியேற்றுவது ஒருநாளும் நிறுத்த முடியாத வேலையாயிற்று. அந்தச் செலவைத் தாங்கும் வரி அங்கே இருந்தது. வங்கதேசம் கடன் வாங்கியது கரையின் வடிவத்தை மட்டும். அதைத் தாங்கிப் பிடித்த வாரியத்தையோ வரியையோ அல்ல.

மாற்று வழியைக் கண்டவர்கள் பொறியாளர்கள் அல்லர், விவசாயிகள். 1990இல் குல்னா பகுதியிலுள்ள டாகாதியா பீல் என்ற தாழ்நிலத்தில், நீர் தேங்கிச் சலித்த மக்கள் தாங்களே கரையை வெட்டினார்கள்; அது சட்டப்படி குற்றம். 1997இல் பாய்னா பீலிலும் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து மண்ணைப் படியவைத்தது; வடியும்போது ஆற்றை அரித்து ஆழமாக்கியது; சில ஆண்டுகளில் நிலம் உயர்ந்து ஆறும் மீண்டது. பின்னர் இதுவே ‘ஓத ஆற்று மேலாண்மை’ என்ற பெயரில் அரசுத் திட்டமாயிற்று. நீரின்கீழ் கிடக்கும் ஆண்டுகளுக்கு நில உரிமையாளருக்கு இழப்பீடு ஒழுங்காகப் போய்ச் சேராததால் பல இடங்களில் இந்தத் திட்டம் முடங்கியது. வேலை மண்ணில் வெற்றி பெற்றுக் காகிதத்தில் தோற்றது.

அப்படியானால் நெதர்லாந்து தன் முறையை மாற்றிக்கொள்ளவே இல்லையா?

மாற்றிக்கொண்டது. 1995இல் ஆறுகள் பெருகியபோது ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். கரையை மேலும் உயர்த்துவதற்குப் பதிலாக, 30க்கு மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளியும் பக்கக் கால்வாய் வெட்டியும் ஆற்றுக்கு இடம் விடும் திட்டம் அதன்பின் வந்தது. வங்கதேச அரசு 2018இல் ஏற்ற ‘டெல்டா திட்டம் 2100’ டச்சு உதவியோடு எழுதப்பட்டது.

புயலில் உயிர் காப்பதில் யார் முன்னே இருக்கிறார்கள்?

1953 ஜனவரி 31 நள்ளிரவில் வடகடல் பொங்கித் தென்மேற்கு நெதர்லாந்தின் கரைகளை உடைத்தபோது 1,836 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை வெளியாகியிருந்தது, ஆனால் அன்று சனிக்கிழமை இரவு, அலுவலகங்களில் ஆளில்லை, வானொலியும் இரவில் ஒலிபரப்புவதில்லை. அதற்குப் பிறகு நாடு பல பத்தாண்டுகள் செலவிட்டு அணைகளையும் மதகுகளையும் கட்டியது. கிழக்கு ஷெல்ட் முகத்துவாரத்தை முழுவதும் அடைக்கத் திட்டமிருந்தது. சிப்பி வளர்ப்பவர்களும் மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்ததால், புயலின்போது மட்டும் இறங்கும் 62 கதவுகளோடு அது 1986இல் திறக்கப்பட்டது. வெள்ளத்தால் ஒருவர் இறக்கும் வாய்ப்பு எந்த இடத்திலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது இப்போது அங்கே சட்டம்.

வங்கதேசத்தில் 1970 நவம்பர் புயலில் இறந்தவர்கள் குறைந்தது 3 லட்சம் பேர். 1991இல் ஏறத்தாழ 1.4 லட்சம். 2007இல் வந்த சிடர் புயலும் அவற்றைப் போலவே வலுவானது. இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400. இந்தச் சரிவு கான்கிரீட் அணையால் வந்ததன்று. 1970களின் தொடக்கத்தில் அமைந்த புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் இன்று 70,000க்கு மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள். ஆபத்தின் அளவுக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடி ஏற்றுகிறார்கள். ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகிறார்கள். ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு வர மாட்டோம் என்று மக்கள் தயங்குவதை உணர்ந்து, கால்நடைகளுக்காக ‘கில்லா’ எனப்படும் மண்மேடுகளையும் எழுப்பினார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இத்தனை உயிர்களைக் காத்த நாட்டைப் பார்த்து உலகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே நேரத்தில், உயிர் தப்பிய குடும்பத்தின் வீடும் நெல்லும் போய்விடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

பணக்கார நாட்டின் சுற்றுச்சூழல் தூய்மையாக இருக்குமா?

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு குறைவு. டாக்காவின் குளிர்காலக் காற்று உலகின் மிக மோசமான காற்றுகளில் ஒன்று. தோல் பதனிடும் ஆலைகள் பல பத்தாண்டுகள் புரிகங்கை ஆற்றைக் கறுப்பாக்கின. ஆம்ஸ்டர்டாமில் அந்த நிலை இல்லை. ஆனால் ஏறத்தாழ ஒரு கோடிப் பன்றிகளும் ஏறத்தாழ 37 லட்சம் மாடுகளும் வாழும் நாட்டில், சாணமும் சிறுநீரும் வெளியிடும் அம்மோனியா என்ற நைட்ரஜன் சேர்மம் காற்றோடு போய் இயற்கைக் காப்பிடங்களின் மண்ணைக் கெடுக்கிறது. அரசின் நைட்ரஜன் அனுமதி முறை செல்லாது என்று 2019 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டுமானங்கள் நின்றன, விவசாயிகள் டிராக்டர்களோடு தி ஹேக் நகரை முற்றுகையிட்டார்கள், 2023 மாகாணத் தேர்தலில் விவசாயிகளின் கட்சி முதலிடம் பெற்றது.

வங்கதேசத்தின் ஆழ்ந்த துயரம் குடிநீரில் இருக்கிறது. குளத்து நீரால் வயிற்றுப்போக்கு பரவியதைத் தடுக்க லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நல்ல எண்ணத்தில் செய்த வேலை. 1990களில் அவற்றின் நீரில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. பல கோடிப் பேர் அதைக் குடித்திருந்தார்கள். ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, குடிக்கக் கூடாதவற்றின் குழாய்முனைக்குச் சிவப்பும் குடிக்கத் தக்கவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. நாளடைவில் சாயம் உதிர்ந்துவிட்டது. மண்ணிலுள்ள ஆர்சனிக் அப்படியே இருக்கிறது.

ஆறுகள் வேறு நாடுகளிலிருந்து வருவதால் சிக்கல் இல்லையா?

இருவருக்கும் உண்டு. 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே வேதிக் கிடங்கு எரிந்து ரைன் சிவப்பாக ஓடியது. கீழேயிருந்த நெதர்லாந்து குடிநீர் எடுப்பதை நிறுத்தியது. 1950இலேயே அமைந்திருந்த ரைன் பாதுகாப்பு ஆணையத்தில் எல்லா நாடுகளும் உட்கார்ந்து மறு ஆண்டே செயல்திட்டம் வகுத்தன. வங்கதேசத்துக்கு இந்தியாவிலிருந்து 54 ஆறுகள் வருகின்றன. கங்கையின் குறுக்கே இந்தியா கட்டிய ஃபராக்கா தடுப்பணை 1975இல் இயங்கத் தொடங்கியது. கங்கை நீர்ப்பங்கீட்டுக்கு முப்பதாண்டு ஒப்பந்தம் 1996இல்தான் கையெழுத்தானது. டீஸ்டா ஆற்றுக்கு 2011இல் கைகூட இருந்த உடன்பாடு நின்றுபோனது. கோடையில் நன்னீர் குறைந்தால் உவர்நீர் ஆற்றில் ஏறிவருகிறது. கடலோரப் பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடக்கிறார்கள்.

வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது?

சராசரி ஆயுள் நெதர்லாந்தில் ஏறத்தாழ 82, வங்கதேசத்தில் ஏறத்தாழ 74. வருமானத்தில் இருபது மடங்குக்கு மேல் இடைவெளி இருந்தும் ஆயுளில் எட்டு ஆண்டுதான் என்பது வியப்பல்ல, உழைப்பின் பயன். 1980களில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நடந்து சென்று, வயிற்றுப்போக்குக்கு மருந்து செய்யத் தாய்மார்களுக்குக் கற்றுத்தந்தார்கள்: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சில நாள் கழித்து வேறொருவர் சென்று அந்தத் தாய் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே ஊழியருக்குக் கூலி. 1990இல் ஆயிரம் குழந்தைகளில் 140க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள்; இன்று ஏறத்தாழ 30.

நெதர்லாந்தில் சராசரி வேலை வாரத்துக்கு ஏறத்தாழ 32 மணி நேரம். பகுதிநேர வேலை அங்கே இயல்பானது. பணக்கார நாடுகளின் குழந்தைகள் நலனை ஒப்பிட்ட யூனிசெஃப், 2020இல் அந்நாட்டை முதலிடத்தில் வைத்தது. குறையும் உண்டு: ஏறத்தாழ 4 லட்சம் வீடுகள் பற்றாக்குறையாக இருக்க, இளைஞர்கள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேற வழியின்றி நிற்கிறார்கள்.

கடல்மட்டம் உயர்வதில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு?

ஒரு நெதர்லாந்துக்காரரின் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 டன் கரியமில வாயு. ஒரு வங்கதேசத்தவரின் கணக்கில் ஒரு டன்னுக்கும் குறைவு. இந்தக் கேள்வி நெதர்லாந்தின் நீதிமன்றத்திலேயே எழுந்தது. உர்ஹெண்டா என்ற அமைப்பு 900 பேரளவிலான குடிமக்களோடு தன் அரசின்மீதே வழக்குத் தொடுத்தது. 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 2020க்குள் குறைந்தது 25 விழுக்காடு உமிழ்வைக் குறைப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பர் 20 அன்று உறுதி செய்தது. தன் குடிமக்களின் உயிரைக் காக்கும் கடமையை வைத்து வழங்கப்பட்ட தீர்ப்பு அது. குல்னாவின் கரைமேட்டில் வாழும் குடும்பம் அதே வாதத்தோடு ஏறிச் செல்லக்கூடிய நீதிமன்றம் இன்னும் இல்லை.